ஸ்ரீரங்கம் போகிறீர்களா? கோயிலோடு தீவையும் பார்த்துவிட்டு வாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அறுபத்தெட்டு வயது அம்மாவையும், ஏழாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போக நினைக்கிறோம். காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிட முடியுமா? கோயிலைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

முடியும். ஆனால் அப்படிப் போகாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் முதல் தடவை ஸ்ரீரங்கம் போனபோது எனக்குப் பதினோரு வயது. கடலூரிலிருந்து ஒரு சுற்றுலா வேனில், தஞ்சாவூர் பெரிய கோயிலும் ஸ்ரீரங்கமும் சமயபுரமும் ஒரே நாளில் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ராஜகோபுரத்துக்கு முன்னால் இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம்தான் என்றார்கள். வரிசையில் நின்றோம், தள்ளுமுள்ளில் பெருமாளின் திருமுகம் எந்தப் பக்கம், திருவடி எந்தப் பக்கம் என்று புரிவதற்குள் வெளியே வந்துவிட்டோம், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினோம், பாலம் தாண்டும்போது நான் தூங்கிப்போயிருந்தேன். அந்த ஊர் ஒரு தீவு என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் அக்காவை அங்கே மேல அடையவளஞ்சான் வீதியில் கட்டிக்கொடுத்த பிறகு, மாமா ஒருநாள் விடியற்காலையில் காவிரிக்குக் குளிக்கக் கூட்டிப்போய், அதே நாள் சாயங்காலம் சைக்கிளில் வடக்கே கொள்ளிடக் கரைக்கும் கூட்டிப்போனார். காலையில் பார்த்தது ஒரு ஆறு, இது வேறொரு ஆறு, இரண்டுக்கும் நடுவில் இத்தனை பெரிய ஊரும் கோயிலும் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரங்கம் என்றாலே ஆற்றிடைக்குறை என்றுதான் பொருள். ஆற்றுக்கு நடுவில் மேடாக நிற்கிற நிலம். திருவரங்கம் என்று சொல்லும்போதே தீவு என்றுதான் சொல்கிறோம், சொல்லிச் சொல்லிப் பழகியதில் அது மறந்துவிட்டது. காவிரியில் இப்படி மூன்று அரங்கம் உண்டு. மைசூருக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், கொஞ்சம் கீழே சிவனசமுத்திரம், கடைசியில் நம்முடைய ஸ்ரீரங்கம். மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார், மூன்றும் ஆற்றுக்கு நடுவில்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். கிழக்கே கல்லணை கிட்டே வரும்போது இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. இடையில் இருப்பதுதான் தீவு, நீளம் சுமார் முப்பது கிலோமீட்டர் இருக்கும், அகலம் இரண்டு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதனால் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம். காவிரியின் அம்மா மண்டபத்திலிருந்து வடக்கே நேராகப் போனால் ராஜகோபுரம், கோயிலைத் தாண்டி அதே திசையில் இன்னும் கொஞ்சம் போனால் கொள்ளிடம். உங்கள் ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பூகோளப் பாடம் கிடைக்காது.

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கொள்ளிடம் அந்நியமில்லை, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடுகிற அதே தண்ணீர்தான் கீழே அணைக்கரையில் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு வழியாக நம்முடைய வீராணத்தை நிரப்புகிறது. மிச்சம் சிதம்பரத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. மேட்டூரில் உபரி திறந்தால் முக்கொம்பில் பெரும்பங்கைக் கொள்ளிடத்தில்தான் தள்ளுவார்கள், அது இரண்டு நாளில் நம் மாவட்டத்துக் கரை ஊர்களின் வாசலுக்கு வந்துவிடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்தன. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணை அது. அதே மாதம் திருவானைக்காவலுக்கு வடக்கே இருந்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் வெள்ளத்தில் சரிந்தன. 1928-ல் கட்டிய பாலம், பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் அப்போது அதில் போக்குவரத்து இல்லை. அந்த வாரம் மாமா போனில் பேசும்போது பின்னால் தண்ணீர் இரைச்சல் கேட்டது, கரையில் நின்று பேசுகிறேன் என்றார். ஆற்றில் மணல் அள்ளி அள்ளி அடித்தளம் கீழே போய்விட்டால் பாலத்துத் தூணுக்கு எது பிடிமானம்? எனக்கு அந்த ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வருத்தம் வரும்.

சரி, போகிற வழி. பஸ்ஸில் போனால் கடலூரிலிருந்து நாலு, நாலரை மணி நேரம் ஆகும். திருச்சிக்குள் போய் இறங்காதீர்கள். சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் தாண்டியதும் நம்பர் ஒன் டோல்கேட் என்று ஒரு நிறுத்தம் வரும், கொள்ளிடத்தின் வடகரை அது, அங்கேயே இறங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் பாலம் தாண்டியதும் தீவுக்குள் வந்துவிட்டீர்கள். உங்கள் பஸ் அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பஸ் குலுக்கல் ஒத்துக்கொள்ளாது என்றால் விருத்தாசலம் போய் ரயில் ஏறுங்கள். எனக்கு ரயில்தான் பிடிக்கும். லால்குடி தாண்டியதும் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், பிச்சாண்டார்கோயில் போனவுடன் கொள்ளிடப் பாலம், முடிந்த கையோடு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன். அதே ரயிலில் தொடர்ந்து திருச்சிக்குப் போகிறவர்களுக்கு உடனே காவிரிப் பாலம் வரும். ரயிலில் போகும்போதுதான் தீவு எத்தனை ஒடுக்கமானது என்று தெரியும்.

முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினால் இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அன்று பெருமாளைச் சேவிக்க ஓட வேண்டாம். அம்மாவை அறையில் படுக்க வைத்துவிட்டு, முடிந்தால் பிள்ளைகளோடு வீதிகளில் மட்டும் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்று, 21 கோபுரம், பரப்பு 156 ஏக்கர் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கணக்கைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, வெளிச்சுற்றுகள் எல்லாம் மனிதர்கள் குடியிருக்கிற வீதிகள் என்பது. ராஜகோபுரத்துக்குள் நுழைந்தவுடன் அடையவளஞ்சான் வீதி, அடுத்த கோபுரம் தாண்டினால் சித்திரை வீதி, அதற்கடுத்து உத்திர வீதி. அதையும் தாண்டி ரங்கா ரங்கா கோபுரத்துக்குள் போனால்தான் செருப்பைக் கழற்றுகிற கோயில். நடுவில் பூக்கடை, பால் பூத், மருந்துக்கடை, டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் கோபுரத்து அடியில்தான் போய் வருவார்கள். சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடும், தைத் தேர் உத்திர வீதியில் ஓடும். உத்திர வீதியில் இன்னும் சில வீடுகள் திண்ணையும் தூணுமாக இருக்கின்றன, தெருவாசலில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நிறைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மிச்சமிருப்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ராஜகோபுரம் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வாலிபத்தில் வந்திருந்தால் மொட்டைக் கோபுரமாகப் பார்த்திருப்பார்கள். விஜயநகர காலத்தில் அடித்தளம் போட்டு நானூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது. அகோபில மடத்தின் 44-ஆவது பட்டம் அழகியசிங்கர் 1979-ல் வேலையைத் தொடங்கி, 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. பதின்மூன்று நிலை, 236 அடி. கேட்டுப் பாருங்கள், அம்மாவே இதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்லக்கூடும்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்துவிடுங்கள். கொள்ளிடத்தைக் கோயில்காரர்கள் வடதிருக்காவிரி என்பார்கள். பெருமாளுக்குத் தீர்த்தம் அங்கிருந்துதான் வரும், ஐப்பசி மாதத்தில் மட்டும் அம்மா மண்டபத்திலிருந்து தங்கக்குடத்தில் யானைமேல் வரும். இருட்டு பிரியாத நேரத்தில், பனி ஈரத்தில், யானையின் மணிச்சத்தம் முதலில் கேட்கும், அப்புறம் தீவட்டி, அப்புறம்தான் யானை தெரியும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு எழுந்து ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு, யானை போனதும் விட்ட புள்ளியிலிருந்து மறுபடி தொடர்வார்கள். நான் ஐப்பசியில் அக்கா வீட்டுக்குப் போனால் இதற்காகவே நாலரைக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்துவிடுவேன்.

காலையில் முதல் சேவை விஸ்வரூபம். பசுவையும் யானையையும் பெருமாளுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்கள், அவர் கண் விழித்ததும் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். கூட்டம் குறைவான நாளாகப் பார்த்துப் போனால் அம்மா நிதானமாகச் சேவிக்கலாம். சனிக்கிழமை வேண்டாம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல் பத்து, ராப்பத்து என்று மூன்று வாரம் திருவிழா, பார்க்க வேண்டிய திருவிழாதான், ஆனால் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போக வேண்டாம். இன்னொன்று, மூலவரான பெரிய பெருமாள் சுதைத் திருமேனி, அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகம் முடிந்து தைலக்காப்பு சாத்தினால் ஏறத்தாழ ஒரு மண்டலத்துக்குத் திருமுகம் மட்டும்தான் சேவையாகும். திருவடி சேவிக்க ஆசைப்படுகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு போக வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு உள்ளே பேட்டரி கார் ஓடும், சக்கர நாற்காலியும் உண்டு, நுழைவிலேயே கேளுங்கள்.

சேவித்துவிட்டு வந்ததும் பெரும்பாலானவர்கள் பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். நீங்கள் இன்னும் இரண்டு மணி நேரம் உள்ளேயே இருங்கள். வேணுகோபாலர் சந்நிதி என்று ஒன்று இருக்கிறது, உள்ளே போவதைவிட அதன் வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும். ஒரு பெண் வீணையைத் தோளில் சாய்த்துக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி கையில் கிளி, இன்னொருத்தி கண்ணாடி பார்க்கிறாள். கண்ணாடி பார்ப்பவளின் பக்கத்தில் போய் நில்லுங்கள். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வீட்டில் விசேஷத்துக்குக் கிளம்புகிற பெண் கடைசியாக ஒரு தடவை பொட்டைச் சரிபார்க்கிற அதே பார்வை. கல்லில் அந்தக் கழுத்துச் சாய்வைக் கொண்டுவந்தவன் எத்தனை பேரைப் பார்த்திருப்பான்!

கிழக்குப் பக்கம் சேஷராயர் மண்டபத்தில், முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற குதிரைகளும் கீழே ஈட்டியோடு வீரர்களும் தூண்தூணாக நிற்பதைப் பிள்ளைகள் விடமாட்டார்கள், அங்கே அவர்களை விட்டுவிட்டு நீங்கள் கொஞ்சம் உட்காரலாம். எதிரே ஆயிரங்கால் மண்டபம். அதற்கும் கிழக்கே வெள்ளைக் கோபுரம், வெள்ளையம்மாள் என்ற தேவரடியார் பெண் படையெடுத்து வந்தவர்களின் தளபதியை அதன் உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்று சொல்வார்கள். தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் ராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லும் மண்டபம். பெரிய பெரிய நெல் கொட்டாரங்களும் பார்க்க வேண்டியவை, ஒரு காலத்தில் ஊருக்கே சோறு போட்ட கோயில் என்பதற்குச் சாட்சி அவை. 2015 குடமுழுக்கை ஒட்டி இவற்றையெல்லாம் மண்மூடலையும் பிற்காலப் பூச்சையும் எடுத்துச் சீர்செய்தார்கள், அதற்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

உடையவர் சந்நிதிக்கு அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ராமானுஜர் 1137-ல் இந்தத் தீவில்தான் பரமபதித்தார். அங்கே உட்கார்ந்த கோலத்தில் இருப்பது அவருடைய திருமேனியே என்பது ஸ்ரீவைஷ்ணவர்களின் நம்பிக்கை, தானான திருமேனி என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள், அதனால் அந்தச் சிவந்த நிறம். கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றால் அவரும் நம்மைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

இந்தக் கோயிலில் கடலூர்க்காரர்கள் உரிமையோடு நடக்கலாம் என்று நான் சொல்வேன், காரணம் காட்டுமன்னார்கோயில். வீரநாராயணபுரம் என்ற அந்த ஊரில் பிறந்த நாதமுனிகள்தான் சிதறிப்போயிருந்த ஆழ்வார் பாசுரங்கள் நாலாயிரத்தையும் தேடித் தொகுத்து, பண் அமைத்து, அரங்கத்தில் பாட வைத்தார். அரையர்கள் கையில் தாளத்தோடு இன்றும் அபிநயித்துப் பாடுகிறார்களே, அந்த வழி அவர் போட்டது. அவருடைய பேரன் ஆளவந்தாரும் காட்டுமன்னார்கோயில்காரர்தான், ராமானுஜருக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் தலைமை ஏற்றிருந்தவர். நம் திருவந்திபுரத்தில் பல வருஷம் வாழ்ந்த வேதாந்த தேசிகரும் ஸ்ரீரங்கத்தில் இருந்திருக்கிறார், 1323-ல் டெல்லிப் படை வந்தபோது பிணங்களுக்கு நடுவில் படுத்து மறைந்து, ஒரு முக்கியமான உரைச்சுவடியையும் அதை எழுதியவரின் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றினார் என்று ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்கிறது.

அந்தப் படையெடுப்பில்தான் உற்சவர் ஊரை விட்டுப் போனார். பிள்ளை லோகாசாரியார் தள்ளாத வயதில் பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போய் வழியிலேயே உயிர் விட்டார். மூலவரைச் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார்கள். உற்சவர் மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று 48 வருஷம் ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் செஞ்சியை ஆண்ட விஜயநகரத் தளபதி கோபண்ணா அவரைத் திருமலையிலிருந்து அழைத்துவந்து, நம்ம பக்கத்துச் சிங்கவரத்தில் வைத்திருந்து, 1371-ல் அரங்கத்தில் திரும்ப எழுந்தருளப் பண்ணினார். அதற்குள் அங்கே வேறொரு உற்சவரை வைத்து வழிபட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரில் பழையவர் யார்? பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கண் தெரியாத ஒரு கிழவர் மட்டும் இருந்தார், பெருமாளின் ஆடையை வெளுத்துத் தருகிற ஈரங்கொல்லி. அந்தக் காலத்தில் திருமஞ்சனம் ஆன ஈர வஸ்திரத்தைப் பிழிந்து அந்தத் தீர்த்தத்தைச் சாப்பிட்டுப் பழகியவர். இரண்டு பெருமாளுக்கும் திருமஞ்சனம் செய்து வஸ்திரத்தைக் கொடுத்தார்கள். செஞ்சியிலிருந்து வந்தவரின் வஸ்திரத்தைப் பிழிந்து வாயில் விட்டதும் "இவரே நம்பெருமாள்" என்றாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர். கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகில் இருக்கிற இந்தக் கதையை அக்காவின் மாமியார் எனக்குச் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கோயிலின் பெருமாளை அடையாளம் காட்டியது பட்டரும் இல்லை, ராஜாவும் இல்லை, துணி வெளுக்கிறவர். இதைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே வைத்துச் சொல்லுங்கள்.

காலையில் நம்பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விப்பது துலுக்க நாச்சியாருக்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெல்லி சுல்தானின் மகள் பெருமாள்மேல் அன்பு வைத்து அவரைத் தேடி வந்தாள் என்பது வழக்கு, அவளுக்குச் சித்திர வடிவில் உள்ளே சந்நிதி இருக்கிறது.

பத்தரை மணிக்கு மேல் கல் சுடும். வெறுங்காலில் பிள்ளைகள் துள்ளுவார்கள், அம்மாவுக்கு இன்னும் கஷ்டம். அதற்குள் வெளியே வந்து ஆட்டோ பிடித்துத் திருவானைக்காவலுக்குப் போய்விடுங்கள், அதே தீவின் கிழக்குப் பக்கம், பத்து நிமிஷம்கூட ஆகாது. இது நீர்த்தலம். ஜம்புகேஸ்வரர் கருவறை தரைமட்டத்துக்குக் கீழாக இருக்கிறது, லிங்கத்தைச் சுற்றி ஊற்றுநீர் கசிந்துகொண்டே இருக்கும், ஆற்றில் தண்ணீர் பெருகும் காலத்தில் நன்றாகத் தெரியும். சுற்றிலும் ஆறு ஓடுகிற தீவில் நிலத்தடி நீர் மட்டம் எத்தனை மேலே நிற்கும் என்பதைக் கருவறையிலேயே பார்க்கிறோம். சுவாமியை ஒன்பது துளை போட்ட கல் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். யானை நுழைய முடியாத அளவுக்குச் சின்ன வாசலாக வைத்துக் கோச்செங்கட்சோழன் கட்டிய கோயில் என்பார்கள், யானைக்கும் சிலந்திக்கும் நடந்த சண்டையைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லலாம். உச்சிக்காலத்தில் அகிலாண்டேஸ்வரி சந்நிதி குருக்கள் புடவை உடுத்தி, கிரீடம் வைத்துக்கொண்டு, அம்பாளாகவே நடந்து சுவாமி சந்நிதிக்குப் போய்ப் பூசை செய்வார். மேளத்தோடு அவர் பிராகாரத்தில் வரும்போது ஓரமாக நின்று பார்க்கிற நாலைந்து நிமிஷத்துக்காகவே நண்பகலுக்கு முன்னால் அங்கே இருக்கச் சொல்கிறேன். சர் சி.வி. ராமன் 1888-ல் பிறந்ததும் திருவானைக்காவலில்தான்.

சாப்பாட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம், சந்நிதி வீதிப் பக்கம் சின்னச் சின்னக் கடைகளில் நல்ல நெய் தோசையும் காபியும் கிடைக்கும். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், வெயிலில் சுற்றாமல் அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் அம்மா மண்டபம். இந்தப் படித்துறையில் நின்று தெற்கே பார்த்தால் அக்கரையில் மலைக்கோட்டை. ஆடியில் நம்பெருமாளே இங்கே எழுந்தருளி, புடவையும் தாலிப்பொட்டுமாகக் காவிரிக்குச் சீர் கொடுப்பார், ஆறு அவருக்குப் பெண் மாதிரியோ தங்கை மாதிரியோ. ஆடியிலிருந்து தைவரை போனால்தான் ஆற்றில் தண்ணீர் பார்க்கலாம், பங்குனி சித்திரையில் பெரும்பாலும் மணல்தான். காலையில் திதி கொடுப்பவர்கள் கூட்டம் இருக்கும், அதனால்தான் சாயங்காலம் போகச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கடைசிப் படிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு, நம் கெடிலம் மாதிரி இல்லை.

அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல இன்னொரு கதை இருக்கிறது, இதுவும் நம் ஊர் சம்பந்தப்பட்டது. 1752-ல் அக்கரையில் அந்த மலைக்கோட்டைக்குள் முகமது அலி, ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்போடு போட்டி போட்டவர், அவருக்கு ஆதரவு ஆங்கிலேயர். அவரை முற்றுகையிட்டவர்கள் சந்தா சாகிப்பும் புதுச்சேரியிலிருந்து கவர்னர் டூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படையும். அந்தப் படையின் தலைவன் ஜாக் லா, நிலைமை மோசமானதும் ஆற்றைத் தாண்டி இந்தத் தீவுக்குள் வந்து ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் மதில்களுக்குள் பதுங்கினான். இரண்டு பக்கமும் ஆறு, ஏழு சுற்று மதில், இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று நினைத்திருப்பான். ஆனால் ஆங்கிலேயர் பக்கத்து ராபர்ட் கிளைவ் வடக்கே சமயபுரத்தில் படையோடு உட்கார்ந்து புதுச்சேரி வழியை அடைத்துவிட்டான். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த படையும் வாலிகண்டபுரத்தோடு மடங்கியது. பாதுகாப்பு என்று நினைத்த தீவே கூண்டாகிவிட்டது. ஜூனில் லா சரணடைந்தான், தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் சிக்கிய சந்தா சாகிப்பின் தலை போயிற்று, இரண்டு வருஷத்தில் டூப்ளேயைப் பாரிசுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் ஆங்கிலேயரின் தலைமையிடம் எது தெரியுமா? நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டை, செயின்ட் டேவிட். 1746-லிருந்து 1752 வரை அங்கிருந்துதான் நடத்தினார்கள். கடலூரும் புதுச்சேரியும் போட்ட சண்டையின் பெரிய திருப்பம் இந்தத் தீவில்தான் நடந்தது.

இன்னும் ஒரு அரை நாள் கையில் இருந்தால் முக்கொம்பு போங்கள், பிள்ளைகள் விளையாடப் பூங்கா இருக்கிறது, ஆறு பிரிகிற இடத்தையும் நேரில் பார்த்துவிடலாம். மேலூர்ப் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்றும் தீவிலேயே இருக்கிறது, நாலாவது படிக்கிறவருக்குப் பிடிக்கும். கல்லணை தனியாக ஒரு நாள் கேட்கும், இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது டோல்கேட்டுக்கு ஆட்டோவில் போவீர்கள் இல்லையா, கொள்ளிடப் பாலத்தில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். தண்ணீர் ஓடினால், இந்தத் தண்ணீர் வீராணத்துக்கு எப்போது வந்து சேரும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லலாம். அறை விஷயமாக ஏதாவது சந்தேகம் இருந்தால் எந்த மாதம் போகிறீர்கள் என்பதோடு கேளுங்கள், அக்காவிடம் விசாரித்துச் சொல்கிறேன்.